ஊருக்கு வெளியே என்றால் யார் வீட்டுக்குப் பக்கத்தில்?

பேரூராட்சி மன்றத் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகவே தெரியும். ஊருக்கு வெளியே, பொதுமக்களுக்கு இடையூறு இல்லாத வகையில், அரசு புறம்போக்கு நிலம் தேர்வு செய்யப்பட்டுள்ளது. சொற்கள் கொஞ்சம் முன்பின் மாறலாம், பொருள் மாறாது. குப்பைக் கிடங்கு வந்தாலும் இதே வரிதான், உரக்கிடங்கு வந்தாலும் இதே வரிதான், இப்போது மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வரும்போதும் இதே வரிதான். இந்த ஒரு வரிக்குள் ஊர், பொதுமக்கள், புறம்போக்கு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றிலும் நாங்கள் இல்லை.

புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை என்று கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் வட்டாரம் முழுக்கச் சின்னச் சின்னப் பேரூராட்சிகள். ஒரு பஜார், ஒரு பேருந்து நிறுத்தம், நாலைந்து தீப்பெட்டி ஆபீஸ், சுற்றிலும் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் மிளகாயும் போடும் மானாவாரிக் காடு. இந்த ஊர்களில் சேரும் குப்பை மாநகரக் குப்பையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. அந்தக் கொஞ்சத்தைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது என்று வரும்போது மட்டும் எல்லா மன்றங்களுக்கும் ஒரே திசைதான் தெரிகிறது. நாங்கள் வேலை செய்யும் வட்டாரத்தில் ஒரு பேரூராட்சியில் நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறோம். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர் மட்டும்தான் கெட்டது, மற்ற ஊர்கள் யோக்கியம் என்று ஆகிவிடும். படிக்கிறவர்கள் தங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளலாம், பெரிய பிழை வராது.

அங்கே தேர்வான இடம் எங்கள் மக்களின் மயானத்தை ஒட்டிய சீமைக்கருவேலங்காடு. காலனியின் கடைசி வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் தூரம். மன்றக் கூட்டத்தில் அது முப்பதோ நாற்பதோ பொருள்களில் ஒன்று. தெருவிளக்கு வாங்கியது, டேங்கர் லாரிக்கு டீசல் போட்டது, பேருந்து நிறுத்தக் கடை வாடகை ஏலம் விட்டது, அதற்கு நடுவே இது. மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது, மன்றம் அனுமதிக்கிறது. அவ்வளவுதான். காலனி அடங்கிய வார்டு தனி வார்டு, உறுப்பினர் எங்கள் அக்கா ஒருவர். கையெழுத்துப் போட்ட பிறகுதான் எந்த இடம் என்று அவருக்கே தெரிந்தது. தீர்மானத்தில் இருந்தது சர்வே எண் மட்டும்தான். சர்வே எண்ணைப் பார்த்து இது நம்ம சுடுகாட்டுப் பக்கம் என்று கண்டுபிடிக்க அவர் என்ன சர்வேயரா?

பிறகு மக்கள் திரண்டு போய்க் கேட்டபோது செயல் அலுவலர் பொறுமையாகத்தான் விளக்கினார். இது குப்பைக் கிடங்கு இல்லை, வளம் மீட்புப் பூங்கா என்றார். கூட்டத்தில் இருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: “பார்க்குதானா சார்? பார்க்குன்னா பஜார்லயே வச்சுக்கலாம்ல. எங்க பிள்ளைகளும் அங்க வந்து விளையாடட்டும்.” அதிகாரி சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

பெயர் மாற்றுவதில் நம் ஆட்சியாளர்களுக்கு இருக்கும் ஆர்வம் இடம் மாற்றுவதில் இல்லை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்கிறோம், அந்தச் சொல் எங்கள் மேல் ஒட்டப்பட்ட வசைதான். ஆனால் சொல் போன பிறகும் காலனிக்குப் பக்கத்தில் குப்பை இருந்தால், அஞ்சல் முகவரி மட்டும்தான் மாறியிருக்கும்.

இப்போது புறம்போக்குக்கு வருவோம். மன்றங்கள் எப்போதும் சொல்லும் நியாயம் இதுதான்: எங்களிடம் வேறு அரசு நிலம் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அரசு நிலம் ஏன் எப்போதும் எங்கள் வீட்டுப் பக்கமே கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஊர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தில்தான் எங்களைக் குடிவைத்தது. நத்தம் ஊருக்கு, வண்டிப்பாதை ஊருக்கு, நல்ல கிணறு ஊருக்கு. பள்ளமும் ஓடைக்கரையும் மந்தையும் சுடுகாடும் எங்களுக்கு. கீழத்தெரு என்ற பெயர் ஒன்றே போதும், நிலத்தின் சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள. எங்களை ஒரு காலத்தில் புறம்போக்குக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். இப்போது புறம்போக்கு உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய என்கிறார்கள். முன்னோர் செய்த சாதியை இன்றைய தலைமுறை நிலவியல் என்று அழைக்கிறது.

ஊரில் வேறு புறம்போக்கே இல்லை என்பதும் உண்மையில்லை. இருக்கிறது. அதில் யாருடைய களம் இருக்கிறது, யாருடைய கல்யாண மண்டபத்தின் வாகன நிறுத்தம் இருக்கிறது, யாருடைய செங்கல் சூளை இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்துவைத்து இடத்தை நேரில் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். பொதுநிலங்களை ஆக்கிரமித்தவர்களை அப்புறப்படுத்தி ஊருக்கே மீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு எங்கள் வட்டாரத்தில் ஏழைகளின் குடிசைகளைப் பிடுங்கப் பயன்பட்ட அளவுக்குக் களத்துமேட்டைப் பிடுங்கப் பயன்பட்டதில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2016-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பை நிரப்பும் இடம் எங்கே இருக்கலாம் என்று அளவு வகுத்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர். குளத்திலிருந்தும், குடியிருப்பிலிருந்தும், நெடுஞ்சாலையிலிருந்தும், குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர். இந்த 200 மீட்டரே எங்களைக் கேட்டால் கேலிக்கூத்து. கரிசல் காட்டில் ஆடிக்காற்று அடிக்கும்போது வந்து நின்று பார்த்தால் தெரியும், ஒரு பாலிதீன் பை 200 மீட்டரைக் கடக்க எத்தனை நொடி ஆகும் என்று. சரி, அந்த அளவையாவது மதித்தார்களா? அங்கேதான் பெயர்மாற்றம் கைகொடுக்கிறது. அளவு குப்பை நிரப்பும் இடத்துக்குத்தானே, நாங்கள் வைப்பது பூங்கா, நுண் உரமாக்கும் மையம், பதப்படுத்தும் கொட்டகை என்கிறார்கள். கொட்டகை கட்டி ஆறு மாதம் உரம் தயாரிப்பார்கள். அப்புறம் ஆள் பற்றாக்குறை, இயந்திரம் பழுது, மின்கட்டணம். பிரிக்காத குப்பை கொட்டகைக்கு வெளியே குவியும். கோடையில் அது தீப்பிடிக்கும், அல்லது பிடிக்க வைக்கப்படும். ஆவணத்தில் அப்போதும் அது பூங்காதான்.

அளவெடுப்பதிலும் ஒரு தந்திரம் உண்டு. எங்கிருந்து அளப்பது? ஊர் நத்தத்தின் எல்லையிலிருந்து அளந்தால் தூரம் தாராளமாக வரும். தொகுப்பு வீடுகளின் கடைசிச் சுவரிலிருந்து அளந்தால் வராது. நாங்கள் பார்த்த வரைபடத்தில் காலனியே குறிக்கப்படவில்லை. வரைபடம் பழையது, வீடுகள் புதியவை என்றார்கள். வீட்டுவரி ரசீது மட்டும் தவறாமல் வருகிறது. அந்தக் கணினிக்குத் தெரிந்த வீடுகள் இந்த வரைபடத்துக்குத் தெரியவில்லை.

மண்ணைப் பற்றியும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். கரிசல் மண் களிமண், நீர் இறங்காது, அதனால் குப்பையிலிருந்து வடியும் கசிவு நிலத்தடிக்குப் போகாது என்று. இது அரை உண்மை. மழையில் ஊறிய கரிசல் இறுகிக்கொள்ளும், சரிதான். ஆனால் சித்திரை வைகாசியில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை இந்தப் பக்கத்துக் குழந்தையிடம் கேட்டால்கூடச் சொல்லும். கையை விட்டால் முழங்கை வரை போகும் வெடிப்பு. ஆறு மாதம் தேங்கிய அழுக்கின் மேல் முதல் மழை விழும்போது, மண் ஊறி மூடிக்கொள்ளும் முன்பே அந்த வெடிப்பு வழியாகத்தான் எல்லாம் இறங்கும். மூடிக்கொண்ட பிறகு விழும் ஐப்பசி மழை மேலோடு வழிந்து ஓடைக்கும் ஊருணிக்கும் கண்மாய்க்கும் போகும். இறங்கினாலும் கேடு, வழிந்தாலும் கேடு. உங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஏற்கெனவே உப்புத்தானே, குடிக்கவா போகிறீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாட்களை எண்ணிக்கொண்டு, வராத நாட்களில் அந்த உப்புத் தண்ணீரில் குளித்து, ஆட்டுக்குக் காட்டி, பாத்திரம் கழுவும் பெண்களிடம் இதைக் கேட்கும் துணிவு அவர்களுக்கு வருமா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

தண்ணீர் என்றதும் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளை நொறுக்கியது. ஊர்க் கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள் என்று அந்த மக்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மன்றத் தீர்மானத்தையும் காவல்துறைத் தாக்குதலையும் ஒன்றாக்குகிறீர்களா என்று சிலர் கோபப்படலாம். ஒன்றாக்கவில்லை. கொடியன்குளத்துக்கு விசாரணை ஆணையமாவது வைத்தார்கள். தீர்மானம் போட்டுச் செய்தால் அதுவும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு சட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். நம் வழக்கறிஞர் தோழர்களே பெரிதாகக் கவனிக்காத ஒரு பகுதி அது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தபோதே, எங்களுக்குத் தீங்கோ அவமதிப்போ தொல்லையோ தரும் நோக்கத்துடன் எங்கள் வீட்டு வளாகத்திலோ குடியிருப்புச் சுற்றத்திலோ மலம், கழிவு, செத்த விலங்கு போன்றவற்றைக் கொட்டுவது வன்கொடுமை என்று வரையறுத்தது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்திலும் அது 3(1) பிரிவின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நாடாளுமன்றம் ஏன் இதை எழுதியது? இந்தியக் கிராமத்தில் ஒரு சாதியை அடக்கிவைக்க அவர்கள் வாசலில் குப்பை கொட்டுவது தெரிந்த வழி என்பதால்தான். ஒரு தனிமனிதர் ஒரு கூடை கொட்டினால் வன்கொடுமை. ஒரு மன்றம் தினமும் டிராக்டர் டிராக்டராகக் கொட்டினால் திட்டம். அதற்கு மதிப்பீடு உண்டு, ஒப்பந்தப்புள்ளி உண்டு, திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கும் உண்டு.

நோக்கம் இல்லையே, யாரையும் அவமதிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லையே என்பார்கள். நினைக்கவில்லை என்பதை நம்புகிறோம். எங்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதானே குற்றச்சாட்டு. ஒரு முறை தற்செயல் என்று விடலாம். பழைய கிடங்கும் இங்கே, ஆடறுக்கும் தொட்டியும் இங்கே, கழிவுநீர் வாய்க்காலின் வாயும் இங்கே, இப்போது புதிய நிலையமும் இங்கே என்றால், நோக்கத்தை மனசுக்குள் தேட வேண்டியதில்லை, வரைபடத்தில் தேடினால் போதும்.

இதைக் கண்டுபிடித்தது நாங்கள் மட்டுமல்ல. 1982-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்ற பகுதியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில், நச்சு ரசாயனம் கலந்த மண்ணைப் புதைக்க அரசு முடிவெடுத்தது. மக்கள் லாரிகளின் முன்னால் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண்ணைப் புதைத்தே தீர்த்தது அரசு. ஆனால் அந்தப் போராட்டத்தின் விளைவாக 1987-இல் ஒரு கிறிஸ்தவ திருச்சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுக்க ஆய்வு செய்து, நச்சுக்கழிவு நிலையங்கள் எங்கே வைக்கப்படுகின்றன என்பதோடு மிக நெருக்கமாகப் பொருந்துவது வருமானம்கூட அல்ல, இனம்தான் என்று அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டில் குப்பைக் கிடங்குகளையும் சாதிவாரிக் குடியிருப்புகளையும் ஒரே வரைபடத்தில் வைத்து அப்படி ஓர் ஆய்வை அரசு செய்யட்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. இந்தக் கணக்கையும் சேர்த்து எடுங்கள்.

எங்காவது வைத்துத்தானே ஆக வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இது நல்ல மனிதர்களும் கேட்கும் கேள்வி. குப்பை எல்லோரும்தான் போடுகிறோம், எல்லோரும் வேண்டாம் என்றால் எங்கே போவது? முதலில், எல்லோரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சிலர் சொல்லத் தேவையே இருப்பதில்லை, அவர்கள் தெருவை யாரும் முன்மொழிவதே இல்லை. அடுத்தது, வேண்டாம் என்று மறுத்தவர்களால்தான் குப்பைப் பிரச்சினைக்கு வழி பிறந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

திருவனந்தபுரம் மாநகராட்சி 2000-ஆம் ஆண்டிலிருந்து தன் குப்பையை விளப்பில்சாலை என்ற கிராமத்தில் ஓர் ஆலைக்கு அனுப்பியது. உரம் தயாரிக்கும் நவீன ஆலை என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். நாற்றம், ஈ, ஓடையில் கறுப்புத் தண்ணீர். பத்தாண்டுக்கு மேல் பொறுத்த விளப்பில் பஞ்சாயத்து 2011 டிசம்பரில் ஆலையைப் பூட்டியது. கவனியுங்கள், பூட்டியது ஓர் உள்ளாட்சி மன்றம். நீதிமன்றம் திறக்கச் சொன்னது, காவல்துறை வந்தது, 2012 பிப்ரவரியில் பெண்கள் சாலையில் பொங்கல் பானை வைத்து வழிமறித்தார்கள், தடியடி நடந்தது. பஞ்சாயத்துத் தலைவராக இருந்த பெண்ணே காலவரையற்ற உண்ணாவிரதம் இருந்தார். ஆலை திறக்கவில்லை. தலைநகரம் தெருவெங்கும் நாறியது. நாறிய பிறகுதான் குழாய் உரம், வீட்டுத்தொட்டி, வார்டு தோறும் காற்றோட்ட உரத்தொட்டி என்று வழி தேடியது.

ஆலப்புழையிலும் இதே கதை, இன்னும் தெளிவாக. நகராட்சிக் குப்பை சர்வோதயபுரம் என்ற ஊருக்குப் போனது. அந்த மக்கள் லாரியை மறித்தார்கள். நகரம் 2012-இல் வேறு வழியின்றித் தன் வீடுகளிலும் தெருக்களிலும் குப்பையைத் தானே மக்கவைக்கத் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில், 2017-இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகின் முன்மாதிரி நகரங்கள் ஐந்தில் ஒன்றாக ஆலப்புழையைச் சொன்னது. பாராட்டு நகரத்துக்குப் போனது. எங்களைக் கேட்டால் பாதியை லாரியை மறித்த சர்வோதயபுரத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆலப்புழையால் முடிந்தது புதூரால் முடியாதா? நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக்குப்பை. வாழையிலை, காய்கறித் தோல், சோறு, பூ. சம்சாரிகள் ஊர் இது. குப்பைக்குழி தோண்டி எரு சேர்த்து மாட்டுவண்டியில் காட்டுக்கு அடித்த ஊர். எருவுக்கு அடிதடி நடந்த ஊரில் இன்று எருவாகக்கூடியதைப் பிளாஸ்டிக்கோடு கலந்து, வண்டியில் ஏற்றி, டீசல் எரித்து, காலனிப் பக்கம் கொண்டுவந்து அழுக வைக்கிறோம். ஈரத்தை வார்டுக்குள்ளேயே மக்கவைத்தால் வெளியே போக வேண்டியது கொஞ்சம், அதுவும் நாறாது. வார்டுக்கு ஒரு தொட்டி. பஜார்த் தெருக் குப்பை பஜார்த் தெருவில். இதைச் சொன்னால்தான் முகம் சுளிக்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்திலா, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலா, ஜனங்கள் நடமாடும் இடத்திலா? அப்படியானால் அந்தத் தொட்டி நாறும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொல்லும்போது மட்டும் நவீனத் தொழில்நுட்பம், துளியும் வாடை வராது.

மாநகரத்திலும் இதேதான். வடசென்னையில் கொடுங்கையூர் நாற்பது ஆண்டுக்கு மேல் சென்னையின் குப்பையைச் சுமக்கிறது. அதை அகற்றுவோம் என்று ஒரு பக்கம் வேலை நடக்கும்போதே, அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை வைக்க மாநகராட்சி முடிவெடுத்தது. 2025-இல் அந்த மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று மறுத்தார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் எண்ணெய் ஆலையும் இருக்கும் மூச்சில் இன்னொன்றையும் சேர்ப்பது ஏன்? சுமந்தவர்கள் தலையில்தான் இன்னும் ஏற்றலாம் என்பது நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான நம்பிக்கை.

அப்படியென்றால் மக்களிடம் கேட்டு முடிவெடுக்கலாமே, கிராம சபை கூட்டலாமே என்று தோழமை இயக்கங்கள் சொல்கின்றன. இங்கேதான் நாங்கள் கொஞ்சம் விலகி நிற்கிறோம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-இல் வந்த வார்டுக்குழு, பகுதி சபை விதிகள் பல இடங்களில் இன்னும் புகைப்படத்துக்கு மட்டுமே கூடுகின்றன என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. ஊரெல்லாம் கூடி வாக்கெடுத்தால் என்ன வரும்? பத்து வார்டு ஊர், இரண்டு வார்டு நாங்கள். குப்பை எங்கே போக வேண்டும் என்று ஜனநாயகமாக வாக்கெடுத்தால் அது ஜனநாயகமாகவே எங்கள் வீட்டுக்கு வரும். கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களிடம் அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கோபப்பட்டது இதனால்தான்.

மன்றத் தீர்மானங்களை நாங்கள் நம்பாததற்கு வரலாறும் உண்டு. மகத் நகராட்சி 1924-இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் தலைமையில் நம் மக்கள் போய் அந்தக் குளத்தில் நீர் அருந்தினார்கள். அடித்தார்கள். சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்தைத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. எங்களுக்குச் சாதகமான தீர்மானத்தை மூன்று ஆண்டுகளில் திரும்பப் பெற முடிந்த மன்றங்களால், எங்களுக்கு எதிரான தீர்மானத்தைத் திரும்பப் பெற மட்டும் விதியில் இடமில்லை என்பது வேடிக்கை.

எனவே எங்கள் கோரிக்கை ஊரின் சம்மதம் அல்ல. யார் வீடு அந்த இடத்துக்கு அருகில் இருக்கிறதோ அவர்களின் தனிச் சம்மதம். காலனி மக்கள் மட்டும் கூடி, பெண்களும் சமமாகக் கூடி, தங்கள் தெருவில் எடுக்கும் முடிவு. இது நடக்காத காரியமல்ல. ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேதாந்தா நிறுவனம் பாக்சைட் வெட்டலாமா என்ற கேள்வி வந்தபோது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மலைக்கிராமச் சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சின்னஞ்சிறு ஊர்கள் தனித்தனியே கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. வேதாந்தாவை இந்த மாவட்டத்துக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, 2018 மே 22-ஐ யாரும் மறக்கவில்லை. அங்கே அது வன உரிமைச் சட்டத்தால் வந்த வாய்ப்பு, எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது தெரியும். எங்களுக்குப் பொருந்தும் சட்டத்தை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். பாதிக்கப்படும் குடியிருப்பின் தனிச் சபை ஒப்புதல் இல்லாமல் கழிவு நிலையத்துக்கு இடம் தேர்வு செய்யும் மன்றத் தீர்மானம் செல்லாது என்று ஒரு விதி. அரசு நினைத்தால் ஒரு வார வேலை.

நமக்குள்ளேயும் ஒன்றைப் பேச வேண்டும், கசந்தாலும். நாங்கள் போன ஊர்களில், கொட்டுமிடம் காலனிப் பக்கம் என்று முடிவான பிறகு, காலனிக்குள் எந்தத் தெருப் பக்கம் என்ற கேள்வி வரும்போது அது பெரும்பாலும் அருந்ததியர் குடியிருப்பின் ஓரமாகவே போய் முடிகிறது. அப்போது மற்ற பட்டியல் சாதித் தெருக்கள் அமைதியாகிவிடுகின்றன. நம் பக்கம் வரவில்லையே என்ற நிம்மதி. அந்த நிம்மதி ஊர்க்காரனின் நிம்மதிதான், நம் தெருவுக்குள் குடிவந்திருக்கிறது. விடியற்காலையில் ஊர்க்குப்பையை அள்ளுவதும் அந்தத் தெருதான், அள்ளியதைக் கொண்டுவந்து தன் வாசலுக்கு எதிரே தானே கொட்ட வேண்டியதும் அந்தத் தெருதான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோது ஆதரவுப் பதிவு போட்டவர்கள் தங்கள் ஊரில் அவர்களின் உறவினர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

நிலையம் வந்தால் உங்கள் பிள்ளைகளுக்கே அங்கே வேலை போட்டுத் தருகிறோம் என்று வேறு பேரம் பேசுகிறார்கள். எங்கள் பட்டதாரிப் பிள்ளைக்குக் குப்பை பிரிக்கும் வேலை, அதுவும் ஒப்பந்தக்காரரிடம், அதுவும் தினக்கூலி. அலுவலகத்தில் காலியாக இருக்கும் எழுத்தர் பணியிடம் பற்றி அந்தப் பேரத்தில் ஒரு வார்த்தை வருவதில்லை. வேலை கொடுக்க மனசு இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள்.

அந்தப் பேரூராட்சியில் இப்போது வேலை நின்றிருக்கிறது, கைவிடப்படவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் இடத்தை மறுபரிசீலனை செய்யும் பொருளை வைக்க வேண்டும் என்று எங்கள் அக்கா எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். இடத்தேர்வுக்கு என்னென்ன மாற்று நிலங்கள் பரிசீலிக்கப்பட்டன, அவை ஏன் தள்ளுபடி செய்யப்பட்டன, தூரம் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கப்பட்டது என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி மனு போயிருக்கிறது. முப்பது நாள் கெடு. காலனி இளைஞர்கள் அளவு நாடா பிடித்து, கடைசி வீட்டுச் சுவரிலிருந்தும் மயானத்துக் கல்லறையிலிருந்தும் ஊருணிக் கரையிலிருந்தும் தனித்தனியே அளந்து, தாங்களே ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு வீடும் இருக்கிறது, வீட்டுவரி எண்ணோடு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதன் நகலை ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். வர முடிகிறவர்கள் தூத்துக்குடிக்கு வாருங்கள், காலை பத்து மணிக்கு முன்பே டோக்கன் போட வேண்டும்.